பட்டறைக் கேள்வி–பதில்: மெஷின் தெரிந்தால் மட்டும் போதுமா?

1989-ல் வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து திருவண்ணாமலை தனியாகப் போனது, 2019-ல் மிச்சமிருந்த வேலூரும் மூன்றாகப் பிரிந்தது. ஜோலார்பேட்டையில் ஏறி காட்பாடி, வாலாஜா ரோடு, அரக்கோணம் என்று ஆங்காங்கே இறங்கும் அப்ரெண்டிஸ் பிள்ளைகளின் காலை ரயில் மட்டும் இன்னும் பிரியவில்லை. தொழிற்பழகுநர் பயிற்சியில் மெஷினைத் தவிர வேறென்ன கற்க வேண்டும் என்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டோம். ஐ.டி.ஐ. பயிற்றுநர், பராமரிப்புப் பொறியாளர், தோல் தொழில்நுட்பர் என மூவர் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

என் மகன் டர்னர் முடித்துவிட்டு ராணிப்பேட்டையில் அப்ரெண்டிஸாகச் சேரப் போகிறான். ஐ.டி.ஐ.யில் ‘வேலைவாய்ப்புத் திறன்’ என்று ஒரு பாடம் இருந்தது. பேசுவது, எழுதுவது, கூடி வேலை செய்வது என்று என்னென்னவோ. அதை ஒப்புக்குப் படித்தான். லேத் நன்றாக ஓட்டுவான். அது போதாதா?
— ஒரு தாய், ஆற்காடு

அந்தப் பாடத்தில் மார்க் குறைந்ததால் ஒன்றும் ஆகிவிடாது அம்மா. ஆனால் ‘லேத் ஓட்டுவது வேறு, பேசுவது வேறு’ என்று அவன் நினைத்துக்கொண்டு போனால் முதல் மாதமே அடி வாங்குவான். ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

25 மி.மீ. ஷாஃப்ட். டிராயிங்கில் 25 சின்ன ‘எச்’ 7 என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் 25.000-லிருந்து 24.979 வரைக்குள் இருக்க வேண்டும். மொத்தச் சலுகையே 21 மைக்ரான் (ஒரு மைக்ரான் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பையன் கூலன்ட் விடாமல் கடைசி கட் எடுத்து, சக்கில் இருக்கும்போதே மைக்ரோமீட்டர் வைக்கிறான். 24.985. சரியாக இருக்கிறது. இப்படியே ஆறு பீஸ். டீ குடித்துவிட்டு வந்து முதல் பீஸை மறுபடி அளந்தால் 24.973. ஆறு மைக்ரான் குறைவு.

என்ன நடந்தது? இரும்பு சூட்டில் நீளும். ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான். 25 மி.மீ. ஷாஃப்ட் 70 டிகிரியில் இருந்து 30 டிகிரிக்கு ஆறினால் விட்டத்தில் 11, 12 மைக்ரான் சுருங்கும். சூடாக அளந்தபோது பாஸான பீஸ் ஆறியதும் ஃபெயில். இது டர்னர் பாடம், அவன் படித்ததுதான்.

இனிமேல் வருவது படிக்காத பாடம். அந்த ஆறு பீஸும் சந்தேகம். பெரிதாக இருந்தால் இன்னொரு கட் எடுக்கலாம், சின்னதாகிவிட்டால் உலோகத்தை ஒட்ட முடியாது. பேசாமல் டிரேயில் வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று மனசு சொல்லும். வைத்துவிட்டால் அது கிரைண்டிங்குக்கோ அசெம்பிளிக்கோ போய், அங்கே லூசாக உட்கார்ந்து, நாலு பேர் உழைப்பு சேர்ந்த பிறகு ரிஜெக்ட் ஆகும். அப்போது எந்த மெஷின், எந்த ஷிப்ட் என்று தேடிக்கொண்டு வருவார்கள்.

சூப்பர்வைசரிடம் போய் ‘சார், சின்ன பிராப்ளம்’ என்று தலையைச் சொறிவதும் உதவாது. எது, எவ்வளவு, எத்தனை, இப்போது என்ன நிலை என்ற நாலும் ஒரே மூச்சில் வர வேண்டும். ‘சார், 25 ஷாஃப்ட் ஆறினதும் 24.973 காட்டுது. ஆறு பீஸ், தனியா வெச்சிருக்கேன். சூட்டுல அளந்துட்டேன். மெஷின் நிறுத்தியிருக்கு.’ அவ்வளவுதான். திட்டு விழும். ஆனால் அவருக்கு அடுத்த முடிவு எடுக்கத் தேவையான எல்லாம் கையில் வந்துவிட்டது. வீட்டிலேயே பழக்கலாம். கேஸ் தீர்ந்தாலும் மோட்டார் ஓடாவிட்டாலும் ‘அம்மா, தண்ணி வரல’ என்று நிறுத்தாமல், எப்போதிலிருந்து, எந்தக் குழாயில், மெயின் வால்வு பார்த்தாயா என்று கேளுங்கள். பத்து நாளில் அவனே முழுசாகச் சொல்ல ஆரம்பிப்பான்.

காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஏழெட்டு நிமிஷம் லேட்டானால்கூட ஃபோர்மேன் கத்துகிறார். பஸ் லேட்டுக்கு நான் என்ன செய்ய?
— அப்ரெண்டிஸ், திருப்பத்தூர்

அவர் கத்துவது நிமிஷத்துக்காக இல்லை. முந்தின ஷிப்ட் ஆள் வாயால் சொல்லிவிட்டுப் போகும் விஷயம் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் கை மாறுகிறது. அதைத் தவறவிட்டால் நோட்டில் எழுதியிருப்பது மட்டும்தான் உங்களுக்கு. நம் ஷிப்ட் நோட்டுகளின் லட்சணம் தெரியும், பாதியில் ‘மெஷின் ஓகே’ என்றுதான் இருக்கும்.

உருப்படியான குறிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று: ‘3-ம் நம்பர் தண்ணீர் பம்ப். 11.20-க்கு கிளாண்டில் ஒழுகல் அதிகம், நிமிஷத்துக்கு 150 சொட்டு. நட்டு இரண்டையும் ஒவ்வொரு ஃபிளாட் இறுக்கினேன். 60 சொட்டுக்கு வந்தது. இதற்கு மேல் இறுக்க வேண்டாம். பேக்கிங் மாற்றணும், ஸ்டோரில் இருக்கு.’ கிளாண்ட் என்றால் பம்பின் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் பேக்கிங்கை அழுத்திப் பிடிக்கும் மூடி. ஃபிளாட் என்றால் நட்டின் ஒரு பக்கம், ஆறில் ஒரு சுற்று.

‘இதற்கு மேல் இறுக்க வேண்டாம்’ என்ற வரிதான் இதில் தங்கம். கயிற்றுப் பேக்கிங் போட்ட பம்பில் நிமிஷத்துக்கு 40, 60 சொட்டு ஒழுகத்தான் வேண்டும், அந்தத் தண்ணீர்தான் பேக்கிங்கைக் குளிர வைக்கிறது. விவரம் தெரியாமல் வரும் அடுத்த ஆள் ‘இன்னும் ஒழுகுதே’ என்று சுத்தமாக நிற்கும்வரை இறுக்குவார். பேக்கிங் காய்ந்து கருகி, ஷாஃப்ட் மேல் உள்ள ஸ்லீவில் கோடு விழுந்துவிடும். பிறகு எத்தனை புதுப் பேக்கிங் போட்டாலும் நிற்காது.

பஸ் லேட்டானால் ஷிப்ட் தொடங்கும் முன்பே போன் போட்டு, ஃபோர்மேனுக்கு மட்டுமில்லாமல் நீங்கள் விடுவிக்க வேண்டிய ஆளுக்கும் சொல்லுங்கள். அவர் நிற்பாரா போவாரா என்று அவர் முடிவெடுக்கட்டும். வாரம் இரண்டு முறை லேட்டானால் அது பஸ் தவறில்லை, முந்தின பஸ்ஸைப் பிடியுங்கள்.

பத்தாவதில் கணக்கு பார்டர் பாஸ். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷன் பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கணக்கு கேட்பார்களா?
— வாசகர், குடியாத்தம்

கேட்பார்கள், ஆனால் பள்ளிக்கூடக் கணக்கு இல்லை. அல்ஜீப்ரா தேவையே இல்லை. அளவு மாற்றம், சதவீதம், தசமப் புள்ளி. இந்த மூன்றில் தடுமாறாத ஆள் கிடைப்பதே கஷ்டம்.

தோலைச் சதுர அடியில் வாங்குகிறோம், சில ஆர்டர் தாள்களில் சதுர டெசிமீட்டரில் இருக்கும். ஒரு சதுர அடி 9.29 சதுர டெசிமீட்டர். பழைய மேஸ்திரிகள் இன்னும் நூல் கணக்கு பேசுவார்கள். அங்குலத்துக்கு எட்டு நூல், ஒரு நூல் 3.175 மி.மீ. ‘ரெண்டு நூல் குறை’ என்றால் ஆறு மி.மீ.க்கு மேல். இதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் சதவீதம். ஒரு ஜோடி அப்பருக்கு (ஷூவின் மேல்பாகம்) வேண்டிய துண்டுகளின் மொத்தப் பரப்பு 2 சதுர அடி, ஆர்டர் 500 ஜோடி, எடுக்கும் தோலில் 15% வீணாகும் என்று வைப்போம். எவ்வளவு தோல் எடுக்க வேண்டும்? ஆயிரத்துக்கு 15% சேர்த்து 1,150 என்று டக்கென்று சொல்லிவிடுவோம். தப்பு. 1,150-ல் 15% வீணானால் கையில் நிற்பது 977.5 சதுர அடி. அதில் 488 ஜோடிதான் வரும், பன்னிரண்டு ஜோடி குறையும். வீணாவது எடுக்கும் தோலில் 15% என்பதால் ஆயிரத்தை 0.85-ஆல் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 1,176.5, அதாவது 1,177 சதுர அடி. அந்தப் பன்னிரண்டு ஜோடிக்காக மறுபடி தோல் எடுத்தால் அதே லாட்டில் கிடைக்காது. வேறு லாட்டில் நிறம் ஒரு சாயல் மாறும், இடது கால் ஒரு கறுப்பு, வலது கால் ஒரு கறுப்பு.

தோல் பதனிடும் டேனரிப் பக்கம் போனால் புள்ளி வைப்பதில்தான் ஆபத்து. சுண்ணாம்பில் ஊறி, சதை சீவிய தோலின் எடையில் 8% குரோம் பவுடர் என்று ரெசிப்பி. 1,200 கிலோ தோலுக்கு எவ்வளவு? கால்குலேட்டரைத் தொடும் முன் 1% எவ்வளவு என்று வாயால் சொல்லுங்கள்: 12 கிலோ. எட்டு பன்னிரண்டு 96. கால்குலேட்டர் 9.6 என்றோ 960 என்றோ காட்டினால் உடனே மண்டையில் மணி அடிக்கும். எந்த எடை என்பதும் முக்கியம். உப்புத் தோலாக வந்தபோது போட்ட எடையை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டால் மருந்து அளவு மொத்தமும் மாறிவிடும்.

குடியாத்தத்தில் இருக்கிறீர்கள், வீட்டுப் பக்கம் லுங்கித் தறி இருக்கும். பாவு நீளம், நூல் எண்ணிக்கை, கூலி என்று அங்கே தினமும் நடப்பதும் இதே கணக்குதான். சேருவதற்கு முன் ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

எங்கள் செக்ஷனில் தமிழ், உருது, தெலுங்கு, இந்தி எல்லாம் ஓடுகிறது. பாதி புரிவதில்லை. தலையாட்டிவிட்டு வருகிறேன்.
— வாசகி, பேரணாம்பட்டு

தலையாட்டுவதை இன்றே நிறுத்துங்கள். சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள்: ‘கறுப்பு லைனிங் முதல்ல, பழுப்பு அப்புறம், தானேக்கா?’ தப்பாக இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்கள். எண்ணை மட்டும் வாயால் வாங்காதீர்கள், தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ‘பதினஞ்சு’, ‘பச்சாஸ்’ இரண்டும் மெஷின் சத்தத்தில் ஒன்றாகக் கேட்கும், ஆனால் ஒன்று 15, மற்றது 50.

ஆபத்துச் சொற்களை நாலு மொழியிலும் முதல் நாளே கற்றுவிட வேண்டும். உருது, இந்தியில் ‘ருகோ’ என்றால் நில், ‘ஹட்டோ’ என்றால் விலகு. தெலுங்கில் ‘ஆகு’ என்றால் நில். ‘ஜரகண்டி’யை நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, திருமலையில் வாங்கிய பாடம்.

எலெக்ட்ரீஷியன் முடித்து அப்ரெண்டிஸாகச் சேர்ந்த என்னை மூன்று மாதமாக ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள். பையன்களை மட்டும் லைனுக்கு அனுப்புகிறார்கள். எப்படிக் கேட்பது?
— வாசகி, சோளிங்கர்

கோபமாகக் கேட்க நியாயம் இருக்கிறது. ஆனாலும் தாளோடு கேளுங்கள், பலன் அதிகம். உங்கள் டிரேடின் பாடத்திட்டத்தில் எந்த மாதம் எந்தச் செயல்முறை என்று இருக்கும். அதை ஒரு பக்கமும், இந்த மூன்று மாதம் நீங்கள் செய்ததை மறுபக்கமும் எழுதுங்கள். ‘மோட்டார் ஸ்டார்டர் இணைப்பு, கேபிள் ஜாயின்ட், எர்த் சோதனை, இது மூணும் எனக்கு இன்னும் வரலை சார். தேர்வுல கேப்பாங்க. வாரம் ரெண்டு நாள் லைனுக்கு அனுப்புங்க, மத்த நாள் ஸ்டோர் பாக்கறேன்.’ நாள், எண்ணிக்கை சொல்லிக் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்று நழுவ முடியாது. ஒரு வாரம் பொறுத்து அதையே எழுத்தில் கொடுங்கள், தேதி போட்டு ஒரு நகல் உங்களிடம்.

இதற்கிடையே ஸ்டோரைச் சும்மா விடாதீர்கள். பத்து வருஷ சர்வீஸ் ஆளுக்குக்கூடத் தெரியாதது அங்கே அட்டைப்பெட்டி மேல் எழுதியிருக்கிறது. 6205 பேரிங்கில் கடைசி இரண்டு இலக்கம் 05, அதை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் 25 மி.மீ. வெளிவிட்டம் 52, அகலம் 15. 6204 என்றால் 20, 47, 14. (04-க்குக் கீழே இந்தப் பெருக்கல் செல்லாது: 6203-க்கு உள்விட்டம் 17.) பின்னால் ‘இசட் இசட்’ என்றால் இரண்டு பக்கமும் இரும்பு மூடி, ‘2 ஆர்எஸ்’ என்றால் ரப்பர் சீல். தூசியும் தண்ணீரும் படும் இடத்துக்கு ரப்பர். யாராவது ‘பம்ப் மோட்டார் பேரிங் கொடும்மா’ என்று வந்தால் எந்த எண், எந்த மூடி என்று திருப்பிக் கேளுங்கள். ஒரு மாதத்தில் அவர்களே உங்களிடம் யோசனை கேட்டு வருவார்கள். லைனுக்குப் போகும் வழி சில சமயம் அப்படித்தான் திறக்கிறது.

தம்பி வாணியம்பாடிப் பக்கம் ஒரு டேனரியில் பயிற்சியில் இருக்கிறான். கழிவுத் தொட்டியில் இறங்கி அடைப்பு எடுக்கச் சொன்னார்களாம். ‘பெரியவங்க சொல்றாங்க, எப்படி மறுக்கிறது’ என்கிறான்.
— வாசகர், நாட்றம்பள்ளி

இறங்கக் கூடாது. இன்றே அவனுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள், காரணம் பிறகு படிக்கலாம்.

மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அடுத்த கட்டத்தில் ஆசிட் போட்டு ஊற வைக்கிறார்கள். இந்த இரண்டு கழிவும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். சேறு அழுகினாலும் அதே வாயு. காற்றைவிடக் கனமானது, தொட்டி அடியிலேயே தங்கும். குச்சியால் சேற்றைக் கிளறினால் அடைபட்டது குப்பென்று வரும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம். பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தொட்டால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. ‘நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்’ என்பதைவிடப் பொல்லாத வார்த்தை டேனரியில் இல்லை. எழுநூறுக்கு மேல் போனால் இரண்டு மூன்று மூச்சில் ஆள் விழுந்துவிடுவான். தூக்கப் போகிறவனும் அவன் மேலேயே விழுவான். ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர், நாலு பேர் சாவது இப்படித்தான்.

துணி கட்டுவதாலும், இடுப்பில் வெறும் கயிறு கட்டுவதாலும் பயனில்லை. முதல் வழி வெளியிலிருந்தே பம்ப் வைத்து எடுப்பது. இறங்கியே ஆக வேண்டும் என்றால் கேஸ் மீட்டரை மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் விட்டுப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் 19.5%-க்குக் குறையக் கூடாது. காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். தனிக் காற்று வரும் முகமூடி, உடல் பெல்ட், மேலே தூக்கும் முக்காலி, கண்ணை எடுக்காத ஒரு ஆள், பொறுப்பாளர் கையெழுத்துப் போட்ட அனுமதிச் சீட்டு எல்லாம் வேண்டும். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 36-ம் பிரிவிலேயே சோதனைச் சான்று இல்லாமல், அல்லது சுவாசக் கருவியும் கயிறு கட்டிய பெல்ட்டும் இல்லாமல் இறங்கக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். பயிற்சிப் பிள்ளையை எந்த நிலையிலும் இதற்கு அனுப்பக் கூடாது என்பது எங்கள் கருத்து.

மறுப்பதற்கும் ஒரு பேச்சு உண்டு. ‘மாட்டேன்’ என்று மட்டும் சொன்னால் திமிர் என்பார்கள். ‘அண்ணா, கேஸ் மீட்டர் பாக்காம இறங்கக் கூடாதுன்னு டிரெய்னிங்ல சொன்னாங்க. மீட்டரும் சீட்டும் வரட்டும். அதுவரைக்கும் மேல பம்ப் புடிக்கிறேன்.’ வேறொரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு மறுத்தால் சண்டை வளராது. அதட்டினால் அங்கிருந்து நகர்ந்து மேலாளரிடம் சொல்ல வேண்டும். 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். தொட்டி, சுவர், சேறு என்று எதைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும் வாய்விட்டுச் சொல்வது பயந்தாங்கொள்ளித்தனம் ஆகாது.

மகன் சேர்ந்து நாலு மாதம். ஒப்பந்தம் என்று எதுவும் கையில் தரவில்லை. பீஸ் கணக்கில் காசு கொடுக்கிறார்கள், ராத்திரி வரை நிறுத்திக்கொள்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?
— ஒரு தந்தை, மேல்விஷாரம்

ஐயா, 1961 தொழிற்பழகுநர் சட்டப்படி ஒப்பந்தம் போட்டு, அதை அரசுப் பதிவில் ஏற்ற வேண்டும். மகனுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். போட்ட நினைவில்லை என்றால் பெரும்பாலும் பதிவே இல்லை. அப்ரெண்டிஸ் என்று வாயால் கூப்பிட்டு ஆள் வைத்திருக்கிறார்கள். இதை முதலில் தெளிவாக்குங்கள், மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

பதிவு உண்டு என்றால், பீஸ் ரேட்டில் கொடுக்கவே கூடாது, 13-ம் பிரிவு தடுக்கிறது. மாத உதவித்தொகை அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் வர வேண்டும். 2019-ல் திருத்திய விதியில் குறைந்தபட்சம், பத்தாவது முடித்தவருக்கு 6,000 ரூபாய், பன்னிரண்டாவதுக்கும் ஐ.டி.ஐ.க்கும் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இரண்டாம் ஆண்டு 10%, மூன்றாம் ஆண்டு 15% கூடும். அதற்குப் பின் உயர்த்தியிருந்தால் சேரும் தேதியில் உள்ள தொகைதான் கணக்கு, பதிவுப் போர்ட்டலிலேயே பார்க்கலாம். ஓவர்டைம் வேலைக்குத் தொழிற்பழகுநர் ஆலோசகரின் அனுமதி வேண்டும். வேலையில் அடிபட்டால் இழப்பீட்டுப் பொறுப்பு கம்பெனிக்கு.

சட்டம் தராததையும் சொல்லிவிடுகிறோம். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. சட்டத்தின் கண்ணில் அப்ரெண்டிஸ் தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவர். அதனால்தான் கையில் கொண்டுபோகும் சான்றிதழும் பழக்கமும் முக்கியமாகின்றன. அகில இந்தியத் தொழில் தேர்வு எழுதி தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் வாங்கிவிட்டால் அடுத்த கம்பெனி வாசலில் பேச ஒரு தாள் இருக்கும்.

மகனை இன்றிலிருந்து ஒரு நோட்டு எழுதச் சொல்லுங்கள். தேதி, வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, சொன்னவர் யார். தினம் நாலு வரி போதும். புகார் என்று மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்குப் போனால் ‘ரொம்ப நேரம் நிக்க வைக்கறாங்க’ என்பதற்கு மதிப்பில்லை, ‘இந்த மாசம் பதினோரு நாள், இந்தத் தேதிகள்’ என்பதற்கு உண்டு.

ஆறு பேர் வேலை செய்யும் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை. அப்ரெண்டிஸ் எடுக்கலாமா? எடுத்த பையன்கள் எல்லாம் இரண்டு மாதத்தில் ஓடிவிடுகிறார்கள்.
— பட்டறை உரிமையாளர், காட்பாடி

எடுக்கலாம். முப்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஆள்பலத்தில் 2.5 முதல் 15% வரை எடுத்தே ஆக வேண்டும், நாலிலிருந்து இருபத்தொன்பது பேர் வரை உங்கள் விருப்பம். முறையாகப் பதிந்தால் தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் 25%, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், அரசே தருகிறது.

பையன்கள் ஓடுவதற்குக் காரணத்தை உங்கள் பட்டறையில் பார்த்தால்தான் தெரியும். ஆனாலும் வழக்கமான காரணம், இரண்டு மாதமாக டீ வாங்கி, கட்டிங் வீல் மாற்றி, ‘பாத்துக் கத்துக்கோ’ என்ற ஒரே பாடத்தைக் கேட்டிருப்பான். பார்த்தால் வராது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அவசரமாக ஆள் தேற்ற ஒரு முறை வகுத்தார்கள், இன்றும் உதவும். ஆளைத் தயார் செய், செய்து காட்டி விளக்கு, அவனைச் செய்ய வைத்துச் சொல்ல வை, விட்டுவிட்டு அவ்வப்போது போய்ப் பார். இதில் நாம் எல்லோரும் விடுவது ‘சொல்ல வை’ என்பதை.

3.15 மி.மீ. ராடில் பற்றவைப்பு கற்றுத் தருகிறீர்கள் என்று வையுங்கள். 6013 ராடு, 6 மி.மீ. பிளேட், கரன்ட் 110 ஆம்பியர். அவன் கையில் ஹோல்டரைக் கொடுத்து ‘எதுக்குடா 110?’ என்று கேளுங்கள். 80-ல் வைத்தால் ராடு ஒட்டிக்கொள்ளும், கசடு உள்ளே மாட்டும். 140-க்கு ஏற்றினால் ராடு சிவக்கும், ஓரத்தில் அண்டர்கட் (பள்ளம்) விழும். இதை அவன் வாயால் சொன்ன பிறகுதான் கரன்ட் நாபைத் தொட விட வேண்டும். வேண்டுமென்றே 80-லும் 140-லும் துண்டுப் பிளேட்டில் ஓட்டிக் காட்டி, மூன்று வெல்டிங் வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேரமும் மூன்று ராடும் செலவு.

முதல் மாதத்திலேயே கட்டிங் லிஸ்ட் போடும் வேலையைக் கொடுங்கள். 6 மீட்டர் ஆங்கிளில் 1,000 மி.மீ. துண்டு எத்தனை வரும்? ஆறு என்பான். 3 மி.மீ. வீல், ஐந்து வெட்டு, 15 மி.மீ. தூளாகப் போய்விடும், கடைசித் துண்டு 985. அது ஒரு முறை அவனே வெட்டி, அவனே அளந்து, அவனே வந்து சொல்ல வேண்டிய விஷயம். முன்கூட்டியே சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள். வந்து சொன்னதும் திட்டவும் செய்யாதீர்கள். அன்று திட்டினால் அடுத்த முறை 985-ஐ வெல்டிங்கில் இழுத்து நிரப்பி மறைத்துவிடுவான், கேட் வளைந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.

டிராயிங்கைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் திட்டுகிறார்கள். ரகசியம் என்கிறார்கள். எனக்குப் பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கிறதே?
— அப்ரெண்டிஸ், அரக்கோணம்

ரகசியம் ஒரு காரணம். அதைவிட நேரடியான காரணம், டிராயிங்கின் கீழ்மூலையில் திருத்த எண் என்று ஒரு கட்டம் இருக்கிறது. உங்கள் போனில் இருப்பது திருத்தம் 2. போன வாரம் ஒரு ஓட்டையின் அளவை மாற்றி திருத்தம் 3 வந்துவிட்டது, பழைய தாளைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். உங்கள் போனிலிருந்து யார் வாங்குவது? நீங்கள் பழைய அளவிலேயே ஓட்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள். வேலை தொடங்கும் முன் மெஷினில் மாட்டியிருக்கும் தாளைப் பாருங்கள், திருத்த எண்ணைப் பாருங்கள், ஜாப் கார்டில் அதே எண் இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் மெஷினைத் தொடாமல் கேளுங்கள்.